ஒற்றைக் கம்மல்

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். அருள்தாஸுக்கு அது கிடையாது. ஐம்பத்தைந்து வயதுவரை அவர் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதி, "சாப்ட்டாச்சா?" என்று கேட்டவர்களிடம் வெறும் வயிற்றோடு "ஆச்சு" என்று சொன்னவை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே நாள் மத்தியானத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பொய் சொன்னார். ஒன்று பாசத்தில் சொன்னது. இன்னொன்று வீம்பில் சொன்னது. இரண்டும் சேர்ந்து அவர் பிள்ளையை விழுங்கிவிட்டன.

எண்பத்தேழாம் வருஷம். பாடியில் லாரிகள் திரும்புகிற முனையில் இருந்த ஒரு ஃபவுண்டரியில் அருள்தாஸுக்கு உலைப் பக்கம் வேலை. இருபத்தாறு வருஷமாக இரும்பு உருகுவதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணோரம் கறுத்துப்போயிருந்தது. மகன் பாஸ்கலுக்கு இருபத்துமூன்று வயது. பக்கத்து ஷெட்டில், வார்ப்பிலிருந்து வந்த இரும்பின் பிசிறைத் தேய்த்தெடுக்கும் வேலை. டெம்பரவரி.

டெம்பரவரி என்றால் அந்தக் கம்பெனியில் ஒரே நினைப்புதான்: இருநூற்று நாற்பது. நடுவில் ஒரு நாளும் விழாமல் இருநூற்று நாற்பது நாள் வந்தவனைப் பெர்மனன்ட் செய்தாக வேண்டும் என்று யூனியன்காரர்கள் சண்டைபோட்டு எழுதி வாங்கியிருந்தார்கள். எழுதிக் கொடுத்த கம்பெனி சும்மா இருக்குமா? ஒருவன் இருநூற்று முப்பதைத் தாண்டினால் போதும், கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி சூப்பர்வைசர் இராமகிருஷ்ணன் வந்து நிற்பார். ஏதோ ஒரு காரணம் சொல்லி ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார். மறுநாள் அவன் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பாஸ்கலுக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. மூன்றாவது முறை எண்ணிக்கை இருநூற்று முப்பத்தைந்தில் நின்றபோது, ஷெட் நடுவில் வைத்து அவரிடம், "இந்த வாட்டி நிறுத்திப் பாரு சார், அப்பால கீது உனக்கு" என்று சொல்லிவிட்டான். பத்துப் பேர் காதில் விழுந்தது. வெறும் வாய்ச்சொல், இருபத்துமூன்று வயதில் எல்லோரும் சொல்வது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே.

அதற்கு மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அருள்தாஸ் எழுந்தபோது பாஸ்கலின் பாய் காலியாக இருந்தது.

"ராவெல்லாம் அவனுக்கு வயித்தால போச்சு" என்றாள் மனைவி ஞானகுமாரி, அவர் முகத்தைப் பார்க்காமல். "ஆஸ்பத்திரிக்குப் போய்க்கீறான். நீ கெளம்பு."

"இருநூத்தி முப்பத்தாறுடி இன்னிக்கு."

"அதுக்கு? உசுர உட்டுட்டா வருவான்?"

அம்பத்தூரிலிருந்து பாடிவரை பஸ்ஸில் நின்றுகொண்டே அருள்தாஸ் யோசித்தார். இன்னும் ஐந்தே நாள். வயிற்றுப்போக்கில் போக வேண்டியதா அது?

கம்பெனி கேட்டில் டைம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் ஆணி ஆணியாகப் பித்தளை டோக்கன்கள் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். வருகிறவன் தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டால் வந்ததாகக் கணக்கு. அண்ணனுக்குத் தம்பியும் மாமனுக்கு மச்சானும் எப்போதாவது போடுவதுண்டு, ஊரறிந்த ரகசியம். அருள்தாஸ் மட்டும் இருபத்தாறு வருஷத்தில் ஒருவருக்கும் போட்டதில்லை. "தேவமாதா பார்த்துகினு கீறா" என்பார். அன்றைக்கு ஏழரை மணிக் கும்பலில் அவர் கை தன் டோக்கனோடு மகனின் நானூற்றுப் பதினெட்டையும் சேர்த்து எடுத்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டிக்குள் விழுந்த சத்தம் ஊருக்கே கேட்ட மாதிரி இருந்தது. யாரும் திரும்பவில்லை.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. பின்பக்கம் பழைய இரும்பு கொட்டும் இடத்தில் இராமகிருஷ்ணன் விழுந்துகிடக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே ஓடிப்போய் நின்றார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். உலை யாருக்காகவும் காத்திருக்காது. அருள்தாஸ் தன் வேலையைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு அவரை பர்சனல் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். அறையில் அவரோடு இன்னும் இரண்டு பேர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. யாரென்று யாரும் சொல்லவில்லை. டோக்கன் திருட்டைப் பிடிக்க வந்த ஆட்கள் என்று அருள்தாஸ் தானாக முடிவுகட்டிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

"நானூத்திப் பதினெட்டு உன் பையனா?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவர்.

"ஆமா சார்."

"இன்னைக்கு வேலைக்கு வந்தானா?"

"வந்தான் சார். எங்கூடத்தான் வந்தான். டோக்கன் போட்டத என் கண்ணால பார்த்தேன்."

"இப்ப ஷெட்ல ஆளைக் காணோமே?"

"சங்கு ஊதினப்ப எல்லாரும் ஓடினாங்களே சார், அதோட வெளிய போயிருப்பான். காலைல டீ டைம்ல கூட என்னாண்ட பேசினான்."

பொய் சொல்லிப் பழகாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பர்சனல் ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார்.

"வீட்டுல யார் யாரு?"

"நானு, என் சம்சாரம், பையன்."

"பொண்ணு?"

ஒரு பெண் இருந்தாள். தெரசா. பாஸ்கலுக்கு மூன்று வயது மூத்தவள். நாலு வருஷத்துக்கு முன்னால் குமணன்சாவடியில் லாரி மெக்கானிக்காக இருந்த நாகேந்திரன் என்பவனை, கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். இந்துப் பையன். சர்ச்சில் தேர்த் திருவிழாக் கமிட்டியில் இருக்கிற அருள்தாஸுக்கு அன்றைக்குத் தலை நிமிரவில்லை. வீட்டுப் பீடத்தில் இருந்த சிலுவைமேல் கைவைத்து, "எனக்குப் பொண்ணு இல்ல, அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். ரேஷன் கார்டில் பெயரை அடித்துக்கொண்டு வந்தார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். நாலு வருஷம் சொன்னதில் அது பொய் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இல்ல சார். எனக்கு ஒரே பையன். பொண்ணு கெடையாது."

"சொந்தக்காரங்க யாராவது பக்கத்துல?"

"ஒருத்தரும் இல்ல சார்."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். ஒரே பையன் என்றதில் அந்த மூத்தவர் மனசு கொஞ்சம் இளகியிருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டார். தன் ஆண்டவரையே தெரியாது என்று இராயப்பர் மூன்று முறை மறுதலித்தார் என்று வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று கேட்கிறோம். அவருக்காவது சேவல் கூவி உணர்த்தியது. அருள்தாஸுக்கு டைம் ஆபீஸ் மணி அடித்தது, ஷிப்டு முடிந்தது.

கேட்டுக்கு வெளியே வந்தபிறகுதான் விஷயமே தெரிந்தது. இராமகிருஷ்ணன் விழவில்லை, பின்மண்டையில் இரும்புத் தடியால் அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பழைய இரும்போடு நல்ல இரும்பையும் ஏற்றிக்கொண்டு போன காண்ட்ராக்டர் ஆட்களை மறித்தார், அவர்கள்தான் முடித்துவிட்டார்கள் என்று ஷெட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த காண்ட்ராக்டர் பெரிய இடம். கம்பெனிக்கும் யூனியன் பையன்கள்மேல் ஏற்கெனவே கடுப்பு. அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் போலீஸ்.

அருள்தாஸ் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார். "பையன் எங்கடி? எந்த ஆஸ்பத்திரிடி?"

கொலையையும் போலீஸ் வந்து விசாரித்ததையும் அவர் சொல்ல, ஞானகுமாரி நின்றபடி கேட்டாள். பிறகு மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரி இல்ல. வெள்ளானூருக்குப் போய்க்கீறான்."

"வெள்ளானூர்ல இன்னா?"

"தெரசா கீறா. நம்ம பொண்ணு. அதுக்கு ஒரு பொட்டப்புள்ள கீது, பதினோரு மாசம். இன்னிக்கு காது குத்து. தாய்மாமன் மடிலதான புள்ளய ஒக்கார வெக்கணும்? அதுக்கு கீறது ஒரே மாமன். 'என் எண்ணிக்க போனா போவுது, பாப்பா அனாதையா ஒக்காரக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனான். உன்னாண்ட சொன்னா உடுவியா நீ? அதான் வயித்தால போவுதுன்னு சொன்னேன்."

அருள்தாஸ் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அவங்களாண்ட இன்னா சொன்ன நீ?" என்று கேட்டாள்.

"வேலைக்கு வந்தான்னு சொன்னேன். நாந்தான் டோக்கன் போட்டேன்."

"வேற இன்னா சொன்ன?"

"பொண்ணு இல்லன்னு சொன்னேன்."

ஞானகுமாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் அப்படிப் பார்த்தால் எந்த ஆம்பளைக்கும் தாங்காது.

பாஸ்கலை அதற்குள் பிடித்துவிட்டிருந்தார்கள். அம்பத்தூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது கையில் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை, நெற்றியில் சந்தனம். போட்டிருந்தது நீலக்கோடு போட்ட புதுச்சட்டை. அதன் இடது தோளில், நாலணா அகலத்துக்கு ரத்தக்கறை. குழந்தை காதிலிருந்து சொட்டியது. அவன் சொன்னான். யார் கேட்டார்கள்?

மறுநாள் காலையில் அருள்தாஸ் ஸ்டேஷனில் போய் நின்றார். தெரசாவும் வந்திருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. நாலு வருஷம் கழித்து அவளைப் பார்க்கிறார். இளைத்திருந்தாள். "நைனா" என்றாள். அவர் நிற்கவில்லை. குழந்தை பக்கம் பார்க்கவும் இல்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய்க் கைகூப்பினார்.

"ஐயா, நேத்து நான் சொன்னது பொய். பையன் வேலைக்கு வரல. டோக்கன் போட்டது நானு. அவன் அக்கா வூட்டுக்குப் போனான். இதோ கீறா அவன் அக்கா, எம் பொண்ணு."

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவர் முன் விரித்தார். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அப்ப நேத்து பொய் சொன்னியா, இன்னைக்குப் பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணுதான்யா நிஜம். எதுன்னு கோர்ட்டு பார்த்துக்கும். போ."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது யார் குரல் என்று அப்பனுக்குத் தெரியாதா. தெரசா ஓடப் பார்த்தாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் அவளைப் பிடித்து வெளியே தள்ளினார். அருள்தாஸ் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத்தான் ஜெயிலில் அவனைப் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் பாஸ்கல். வலது கை விரல்களில் இரண்டு நேராக இல்லை. அருள்தாஸ் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு வாய்க்கு வருமுன் அவன் கேட்டுவிட்டான்.

"நைனா, பாப்பாக்கு காது ஆறிடுச்சா? சோத்தாங்கை பக்கம் ரத்தம் நிக்கவே இல்ல. அதே நெனப்பா கீது எனக்கு."

அருள்தாஸ் அந்தக் குழந்தையின் முகத்தையே பார்த்ததில்லை, காதை எங்கே பார்ப்பது.

"ஆறிடுச்சுடா" என்றார்.

அதுவும் பொய்தான். அந்தப் பொய்தான் அவரைச் சுட்டது. கொலைப்பழியில் உள்ளே கிடக்கிறவன், விரல் ஒடிந்தவன், அக்கா குழந்தையின் காதை நினைத்துக்கொண்டிருக்கிறான். வெளியே காற்றாட நடக்கிற தாத்தா அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜெயிலிலிருந்து வீட்டுக்குப் போகாமல் ஆவடி பஸ்ஸைப் பிடித்தார். அங்கிருந்து வெள்ளானூருக்கு நடந்தார். நாகேந்திரன் வீடு எதுவென்று விசாரித்துக்கொண்டு போய், சிலுவைமேல் கைவைத்துச் செய்த சத்தியத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

தெரசா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"பாப்பா காத காட்டு" என்றார்.

இடது காதில் தங்கக் கம்பி இருந்தது. வலது காதில் இல்லை. போலீஸ் ஸ்டேஷன், வக்கீல் வீடு என்று அவள் அலைந்த அலைச்சலில் கவனிக்க நேரமில்லாமல் அது சீழ் பிடித்து, கம்பியைக் கழற்ற வேண்டியதாகி, ஓட்டை தூர்ந்துபோயிருந்தது. காது மடலில் கறுப்பாக ஒரு தழும்பு. ஆறித்தான் இருந்தது.

அருள்தாஸ் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"என்ன நீ தல முழுவினப்ப கூட எனக்கு ஒண்ணும் தோணல நைனா" என்றாள் தெரசா. "நைனா கோவம், நாலு வருசத்துல போய்டும்னு நெனச்சேன். என்ன இல்லன்னு சொன்னது அவன் தலைல போய் விழும்னு யாரு கண்டா?"

குழந்தைக்கு வரலட்சுமி என்று பேர் வைத்திருந்தார்கள். அழுகிற கிழவரை அது கண்கொட்டாமல் பார்த்தது.

கேஸ் ஒன்றரை வருஷம் நடந்தது. அருள்தாஸ் கூண்டில் ஏறி டோக்கன் போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்குக் கம்பெனி அவரை வேலையைவிட்டு நீக்கியது, அது கிடக்கட்டும். தெரசாதான் மகள் என்பதற்கு சர்ச்சிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். இனி சந்தேகமே இல்லை என்று அருள்தாஸ் பெருமூச்சு விட்டார். அரசு வக்கீல் எழுந்தார்.

"சரி, பெண் இருக்கிறாள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பெற்ற பெண்ணையே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதர் நீங்கள். மகளை மறைத்த வாய், மகனுக்காக இன்று எதைத்தான் சொல்லாது?"

அவர் சொன்ன உண்மையே அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டது.

பிசிறு தேய்க்கும் ஷெட்டில் பாஸ்கலோடு வேலை செய்த பதினொரு பேரில் ஒருவர்கூட, அன்று அவன் வரவில்லை என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் இருநூற்று நாற்பது இருந்தது. காது குத்துக்கு வந்தவர்கள் எல்லாம் நாகேந்திரனின் சொந்தக்காரர்கள், அதனால் அவர்கள் சொல் எடுபடவில்லை. சட்டையிலிருந்தது மனித ரத்தம் என்று சோதனைச்சாலை எழுதியது. யாருடையது என்று சொல்லும் அளவுக்கு அதில் ரத்தம் இல்லையாம். மிஞ்சியது ஒரே ஆள், காது குத்திய கலியமூர்த்தி பத்தர். வெள்ளானூரில் தங்க வேலை செய்கிறவர், எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாதவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் வக்கீல்.

பத்தர் கூண்டில் நின்றார். பாஸ்கலைக் காட்டிக் கேட்டார்கள். "வருசத்துக்கு எரநூறு காது குத்தறேன் சாமி" என்றார் தரையைப் பார்த்து. "காதத்தான் பார்ப்பேன். மடில ஒக்காந்திருக்கறவங்க மொகமெல்லாம் ஞாபகம் இல்ல."

ஆயுள் தண்டனை. ஞானகுமாரி கோர்ட்டில் அழவில்லை. வீட்டுக்கு வந்து பாஸ்கலின் பாயை விரித்துப் படுத்தவள், அடுத்த வருஷம் அதே பாயில் செத்துப்போனாள். கடைசிவரை அவரிடம், சோறு வைக்கட்டுமா என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

அதன்பிறகு தெரசாதான் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டாள். அவர் குமணன்சாவடியில் ஒரு மரக்கடைக்கு வாட்ச்மேனாகப் போய்வந்தார். வரலட்சுமி வளர்ந்தாள், ஒற்றைக் கம்மலோடு. மறுபடி குத்திவிடலாம் என்று நாகேந்திரன் பலமுறை சொல்லிப் பார்த்தான். தெரசா ஒரே பிடியாக நின்றாள்.

"அவன் மடில ஒக்காந்துதான் குத்தணும். வரட்டும்."

ஸ்கூலில் பிள்ளைகள், "ஒத்தக் கம்மலு, ஒத்தக் கம்மலு" என்று கேலி செய்தார்கள். வரலட்சுமி வாய்க்காரி. "எங்க மாமா வந்து போடும், அப்ப பாரு" என்பாள். மாமா எங்கே என்று கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறது என்பாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மாதாமாதம் அருள்தாஸ் ஜெயிலுக்குப் போகும்போதெல்லாம் பாஸ்கல் பாப்பாவைப் பற்றித்தான் கேட்பான். காது ஆறிவிட்டது என்று சொன்ன அந்தப் பொய்யையும் அவர் எப்போதோ அவனிடம் ஒப்புக்கொண்டாயிற்று. ஒற்றைக் கம்மல் கதையைக் கேட்டு அவன் சிரிப்பான். "இன்னும் கொஞ்ச நாள், அப்பீல் கீதே, வந்துட்றேன்னு சொல்லு" என்பான்.

தொண்ணூற்று நாலில் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. அந்த மாதம் அருள்தாஸ் போனபோது பாஸ்கல் சிரிக்கவில்லை. முப்பது வயதில் காதோரம் நரைத்திருந்தது.

"நைனா, பாப்பாக்கு இப்ப எத்தினி வயசு?"

"எட்டு."

"குத்திடுங்க."

"இன்னாடா?"

"காத குத்திடுங்க. நான் வர்றது எப்பன்னு தெரில. அதுக்கோசரம் பொம்பளப் புள்ள ஒத்தக் கம்மலோட நின்னுகினே இருக்கணுமா? என் எடத்துல நீ ஒக்காரு. உன் மடில வெச்சுக்க."

"நான் எப்பிட்றா உன் எடத்துல..." என்று இழுத்தார் அருள்தாஸ்.

"வேற யாரு கீறா நைனா?" என்றான் பாஸ்கல். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரசா வீட்டுக்குப் பத்தர் வந்தார். வெள்ளானூரில் காது குத்த இன்னும் அதே கலியமூர்த்தி பத்தர்தான்; கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. சொந்தபந்தம் யாரையும் கூப்பிடவில்லை. நடுவீட்டில் ஒரு மணை போட்டு அருள்தாஸ் உட்கார்ந்தார். வரலட்சுமி அவர் மடியில் உட்கார வெட்கப்பட்டாள்; எட்டு வயதுப் பெண், கால் தரையில் இடித்தது. "மாமா வரலியா?" என்று கேட்டாள். தெரசா அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். வரலட்சுமி மறுபடி கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது.

பத்தர் தழும்பைத் தடவிப் பார்த்தார். சந்தனம் வைத்தார். கம்பியை எடுத்த கை பாதியில் நின்றது.

"நீலக்கோடு போட்ட சட்ட" என்றார், யாரையும் பார்க்காமல்.

தெரசா நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு ஒக்காந்திருந்த புள்ள. நீலக்கோடு போட்ட புதுச்சட்ட. நான் இந்தக் காத குத்தினப்ப பாப்பா கத்துச்சு. அந்தப் புள்ளயும் அழுதுச்சு. சட்டைல ரத்தம் பட்டுச்சேன்னு நாந்தான் தொடைக்கத் துணி கொடுத்தேன். 'வேணாம் பத்தரே, இருக்கட்டும், எங்க அக்கா பொண்ணு ரத்தந்தான'ன்னுச்சு." பத்தர் கம்பியைக் கீழே வைத்தார். "கோர்ட்டுக்குப் போவறதுக்கு முந்தின நாளு ரெண்டு பேரு பட்டறைக்கு வந்தாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீது."

அந்த ஒரு வார்த்தைக்காக அருள்தாஸ் ஏழு வருஷம் ஜெபமாலை உருட்டியிருந்தார். இப்போது, அப்பீலும் முடிந்துபோனபிறகு, அது வந்து நடுவீட்டில் நிற்கிறது, ஒன்றுக்கும் உதவாமல். தெரசா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நாகேந்திரன் ஓரடி முன்னால் வந்தான், பத்தரின் சட்டையைப் பிடித்துவிடுவான் போல.

அருள்தாஸ் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். கோபப்பட அவருக்கு ஆசைதான். ஆனால் எந்த வாயை வைத்துக் கோபப்படுவது? இந்த மனிதர் பயத்தில் ஒரு முகத்தை மறந்தார். தான் பயம்கூட இல்லாமல், வெறும் வீம்பில், மடியில் போட்டு வளர்த்த மகளை மறந்தவர்.

"குத்துங்க பத்தரே" என்றார். "எனக்குப் பொண்ணு இல்லன்னு சொன்னவன் நானு. நீங்க பின்னால வந்தவரு."

பத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வரலட்சுமி தாத்தாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். தூர்ந்த காது லேசில் துளை விடவில்லை; ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே போடவில்லை. கம்பி ஏறியதும் ஒரு சொட்டு ரத்தம் அருள்தாஸின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது.

"தாத்தா, சட்டைல பட்டுச்சு" என்றாள். "தொடைச்சிடு."

"இருக்கட்டும்மா" என்றார் அருள்தாஸ்.

அடுத்த மாதம் அதே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். பாஸ்கல் வலைக்கு அந்தப்பக்கம் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு தோளைப் பார்த்தான். காய்ந்து பழுப்பாகியிருந்த அந்தக் கறையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒடிந்த விரலை வலையின் ஓட்டைக்குள் விட்டு அதைத் தொடப் பார்த்தான், எட்டவில்லை. அருள்தாஸ் தோளைச் சாய்த்து வலையோடு ஒட்டிக்கொண்டு நின்றார், மணி அடிக்கிறவரைக்கும்.